நாற்காலியக்கா கூட்டத்தைக் கலையவிடாத கதை

பெரிய மருத்துவமனைக்குள் நுழைந்து, சீட்டு கொடுக்கும் ஜன்னலைத் தாண்டி, எக்ஸ்ரே அறைக்குப் போகும் நடையில் இடது பக்கம் திரும்பினால் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது. அறை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். படிக்கட்டோடு சேர்ந்து கூரையும் சரிந்து வருவதால், கொஞ்சம் உயரமானவர்கள் அங்கே தலையைக் குனிந்துதான் நிற்க வேண்டும். கதவில் ‘தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர்’ என்று பலகை தொங்குகிறது. அதை ஒரே மூச்சில் படித்து முடித்தவர் அந்தக் கட்டடத்தில் யாரும் கிடையாது. ஆகவே டாக்டர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லோருக்கும் அங்கே வேலை பார்ப்பவர் நாற்காலியக்கா.

பெயருக்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. யார் அந்த அறைக்குள் வந்தாலும், வாயைத் திறப்பதற்கு முன்பே அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவார். “முதல்ல உக்காருங்க. அப்புறம் பேசலாம்.” வந்தவர் தன்னார்வலராகச் சேர வந்திருந்தாலும் சரி, சண்டை போட வந்திருந்தாலும் சரி, நாற்காலி உண்டு. கோபத்தோடு வருகிறவரை உட்கார வைத்துவிட்டால் பாதிக் கோபம் காலோடு மடங்கிவிடும் என்பது அவர் கணக்கு. அந்த நாற்காலிகள் எல்லாம் வெவ்வேறு வார்டுகளிலிருந்து வெவ்வேறு காலத்தில் கடத்தி வரப்பட்டவை. ஒன்றோடொன்று ஒட்டு உறவே கிடையாது. அக்கா மட்டும் உட்கார மாட்டார். மேஜையில் ஒரு கையை ஊன்றி, நின்றபடியேதான் பேச்சு. குதிகால் வலி உயிரை வாங்கியபோது எலும்பு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, “நிக்கிறத குறைச்சுக்கோங்கம்மா” என்றார். அக்கா தலையை நன்றாக ஆட்டிவிட்டு, மருந்துக் கடை வரிசையில் போய் நின்றார்.

அவர் வேலை என்னவென்று அவர் நாத்தனாருக்கே சரியாகப் புரிய வெகுநாள் ஆயிற்று. மருத்துவமனைக்குச் சம்பளம் வாங்காமல் உழைக்க வருகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. சக்கர நாற்காலி தள்ளுகிறவர்கள், வழி தெரியாமல் விழிக்கிறவர்களை ஸ்கேன் அறைக்குக் கூட்டிப் போகிறவர்கள், கை நடுங்கும் நோயாளிக்கு ஊட்டிவிடுகிறவர்கள், ஒருவருமே பார்க்க வராத படுக்கையின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள். இவர்களைச் சேர்ப்பது, பழக்குவது, யாருக்கு எந்த வார்டு ஒத்துவரும் என்று பார்ப்பது, நர்ஸோடு மனஸ்தாபம் வந்தால் நடுவில் நின்று இரண்டு பக்கமும் அடி வாங்குவது, இதுதான் அக்காவின் வேலை. சம்பளம் வாங்குகிறவரை ஒரு அதட்டு அதட்டலாம். சம்பளம் வாங்காதவரை அதட்டினால் அவர் அப்படியே வாசல் வழியாகப் போய்க்கொண்டே இருப்பார். இந்த ஒரு பயத்திலேயே அக்காவின் குரல் மெத்தென்று ஆகிவிட்டது என்பார் அவர் வீட்டுக்காரர்.

வேலை முடித்துக் கிளம்பும் ஒவ்வொருவரையும் அக்கா நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார்.

“எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன்.”

“அது வழக்கம். இப்ப பதிலைச் சொல்லுங்க.”

அதற்குப் பிறகுதான் உண்மை வெளியே வரும். பத்தாம் வார்டு தாத்தா தன் அப்பாவைப் போலவே இருமுகிறார் என்பார் ஒருவர். வீட்டில் மருமகளோடு பேச்சு நின்றுபோனதால்தான் இங்கே வருகிறேன் என்பார் இன்னொருவர். அக்கா கேட்டுக்கொள்வார். எல்லாவற்றையும் வாங்கி உள்ளே போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவர் சாப்பிடும்போது ஒருநாள், “ஏம்மா, இத்தனை பேரை நீ கேக்கற. உன்னை யாரு கேக்கறா?” என்றார். அக்கா சிரித்துவிட்டு, “எனக்கென்ன, நல்லா இருக்கேன்” என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அக்காவை அப்படிக் கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது, மாதம் ஒருமுறை. முதல் சனிக்கிழமை சாயங்காலம். செல்பேசித் திரையில், சின்னச் சின்னக் கட்டங்களில், பல நாட்டு முகங்கள். எல்லோரும் அக்காவைப் போல எங்கேயோ ஒரு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்காதவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்கள். மருத்துவமனை அனுப்பிவைத்த ஒரு பயிற்சி வகுப்பில்தான் இந்தத் தொடர்பு கிடைத்தது. அங்கே திரையில் பேசிய ஒருவர், துறைமுகத்தில் மாலுமிகளுக்கான ஓய்வு இல்லத்தில் வேலை பார்ப்பவர், கடைசியில் ஒரு கேள்வியைப் போட்டார்: “தன்னார்வலர்களை நாம தாங்கறோம். நம்மளை யார் தாங்கறது?” பதிலும் அவரே சொன்னார். ஒருவரை ஒருவர்தான். இப்படித்தான் அந்தக் கூட்டமைப்பு பிறந்தது. நாத்தனார் அதற்கு ‘அண்ணியோட வெளிநாட்டுச் சொந்தக்காரங்க’ என்று பெயர் வைத்தார்.

பொதுமொழி ஒன்றில்தான் அங்கே பேச்சு. அது யாருக்கும் சொந்த மொழி இல்லை. ஆளுக்கு ஒரு விதமாக உடைத்துப் பேசுவார்கள். அதனாலேயே யாருக்கும் அலங்காரமாகப் பொய் சொல்ல வராது.

சொந்தக்காரர்கள் என்று நாத்தனார் கேலியாகச் சொன்னாலும் அது வீண் பேச்சில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அக்காவிடம் தன்னார்வலராக வந்துகொண்டிருந்தார். யாரும் வராத ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தபோதே அந்த உயிர் போய்விட்டது. தபால்காரர் அக்காவின் அறைக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசவில்லை. கையை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன செய்வதென்று அக்காவுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு அனுப்பினால் திரும்பி வரமாட்டார் போலிருந்தது. அதே வார்டுக்கு அனுப்பினால் உடைந்துவிடுவார் போலிருந்தது. அக்கா அன்றே கூட்டமைப்பில் இருக்கும் தீயணைப்பம்மாவைக் கூப்பிட்டார். அவர் ஊரில் தீயணைப்பவர்கள் அத்தனை பேரும் தன்னார்வலர்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வது இவர். இந்த மாதிரி மௌனத்தை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். “வீட்டுக்கு அனுப்பாதீங்க. அந்த வார்டுக்கும் அனுப்பாதீங்க. கையால செய்யற வேலை எதாவது குடுங்க. பேசச் சொல்லாதீங்க, பக்கத்துல நில்லுங்க” என்றார். தபால்காரர் ஒரு வாரம் துணிக்கிடங்கில் போர்வை மடித்தார். அக்காவும் பக்கத்தில் நின்று மடித்தார். கடைசி நாள் தபால்காரர், “அந்தப் பெரியவர் கை கடைசி வரைக்கும் சூடாத்தான் இருந்துச்சும்மா” என்றார். அடுத்த வாரம் வார்டுக்குப் போய்விட்டார். இன்றைக்கும் வருகிறார்.

அப்படிப்பட்ட கூட்டமைப்பைக் கலைக்கப்போவதாகத் துறைமுகத்துக்காரரிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

செய்தி என்னவோ தேன் தடவித்தான் இருந்தது. இத்தனை காலம் எல்லோரும் வந்ததற்கு நன்றி. இனித் தன்னால் நடத்த முடியவில்லை. யாருக்காவது விருப்பமிருந்தால் பொறுப்பேற்கலாம். யாரையும் கட்டாயப்படுத்த விரும்பவில்லை. ஒருவரும் வராவிட்டால் அடுத்த மாதக் கூட்டமே கடைசிக் கூட்டம்.

அக்கா அதை வார்டு நடையில் நின்று படித்தார். ஸ்ட்ரெச்சர் ஒன்று, “வழி, வழி” என்று வந்தபோதுகூட நகரவில்லை. தள்ளி வந்தவர்தான் சுற்றிக்கொண்டு போனார். ஒரு குழு கலைகிற வருத்தம் மட்டுமல்ல அது. அந்தச் சனிக்கிழமை இல்லாமல் போனால் தானும் இந்த வேலையில் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க முடியாது என்று அவருக்கு உள்ளுக்குள் தெரியும். வாங்கி வாங்கிப் போட்டுக்கொள்கிற மனசுக்கு எங்கேயாவது ஒரு வடிகால் வேண்டும். அது அடைபடப்போகிறது.

தானே பொறுப்பேற்கலாமா என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் அழைப்பு அனுப்புவது, புதிய ஆட்களைச் சேர்ப்பது, யார் யாருக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்று பார்ப்பது, பேச்சை நடத்துவது, வராதவர்களை விசாரிப்பது எல்லாவற்றையும் துறைமுகத்துக்காரர் ஒருவரே செய்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் ஏற்கனவே தலைக்கு மேல் வேலை. நினைத்தாலே அக்காவுக்கு மலைப்பாக இருந்தது. ஆகவே குழுவுக்கு ஒரு செய்தி போட்டார். ‘நம்முடைய இந்தக் குழு நின்றுபோகக் கூடாது. நம்மில் யாராவது முன்வரலாமே. விருப்பமிருப்பவர்கள் சொல்லுங்கள், கட்டாயம் ஒன்றுமில்லை.’ எழுதிவிட்டு நாலு தடவை படித்துப் பார்த்தார். யார் மனதும் கோணாமல் இருந்தது. அனுப்பினார்.

பதில்கள் கொட்டின. இதயம் போட்டார்கள், கைகூப்பினார்கள், பூங்கொத்து வைத்தார்கள். ‘எவ்வளவு உண்மை’ என்று ஒருவர் எழுதினார். ‘யாராவது வந்தால் மிகவும் நல்லது’ என்று இன்னொருவர் எழுதினார். பொறுப்பை மட்டும் ஒருவரும் தொடவில்லை. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. “வெளிநாட்டுச் சொந்தக்காரங்க வாயை மூடிக்கிட்டாங்களா?” என்று நாத்தனார் கேட்டதற்கு, “அவங்கவங்களுக்கு அவங்கவங்க வேலை” என்று விட்டுக்கொடுக்காமல் பதில் சொன்னாரே தவிர, மனதுக்குள் எல்லோர் மேலும் கோபம் கனன்றது. ஊர் உலகத்துக்கெல்லாம் தன்னார்வலர்களைத் திரட்டுகிற கூட்டம். அதற்குள்ளேயே ஒரு தன்னார்வலர் கிடைக்கவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

கடைசிக் கூட்டத்துக்கு முந்தின வாரத்தில் ஒரு பகல், விடுமுறை நாள், வானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா அடுப்படியில் இருந்தார். மொட்டை மாடிக் கொடி நிறையத் துணி. “மழை வருது, யாராவது போய்த் துணியை எடுங்களேன்” என்று பொதுவாகக் குரல் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தார். கூடத்தில் கணவர் ஒரு பழைய மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மாடி அறையில் நாத்தனார் தையல் மிஷினில் இருந்தார். இரண்டு பேர் காதிலும் விழுந்தது. மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. அக்கா ஓடிப் போய்ப் பார்த்தபோது போர்வை முதல் உள்பாவாடை வரை எல்லாம் குளித்துக்கொண்டிருந்தன.

“நான் சொன்னது கேக்கலையா?” என்றார் அக்கா, சொட்டச் சொட்டக் கீழே வந்து.

“கேட்டுச்சு. தங்கச்சி மேலதானே இருக்கா, எடுத்துடுவான்னு நெனச்சேன்” என்றார் கணவர்.

“அண்ணன் சும்மாத்தானே இருக்கு, போகும்னு நெனச்சேன்” என்றார் நாத்தனார்.

“சும்மா இருக்கேனா? இந்த மின்விசிறி தானா பிரிஞ்சு கிடக்குதா?”

“அண்ணி, நீங்க ‘யாராவது’ன்னு சொன்னீங்க. அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல. என்னைக் கூப்பிட்டு, ‘கொடியில இருக்கற போர்வையை எடு’ன்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பேன்ல?”

அக்கா ஈரப் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மூக்கு நுனியிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது. நாத்தனார் பயந்துவிட்டார், அண்ணிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது என்று. ஆனால் அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற யாருக்கும் அக்கா சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே இதுதான். பொதுவாகக் கூப்பிடாதே. ‘உதவ யாராவது வாருங்கள்’ என்று சுவரில் ஒட்டினால் சுவருக்குத்தான் அழகு. ஒரு ஆளைப் பார், அவருக்கு எது வரும் என்று பார், அந்த ஒரு வேலையை மட்டும் கேள். எப்போது ஆரம்பம், எப்போது முடிவு என்று சொல். முடியாது என்று சொல்ல வாசலைத் திறந்து வை. கூட்டமைப்பில் இருக்கிற ஒவ்வொருவரும் இதை அவரவர் ஊரில் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுக்கிறவர்கள். தங்களுக்குள் மட்டும் அத்தனை பேரும் மறந்துவிட்டார்கள். காரணமும் தொழில் தந்த பழக்கம்தான். தானாக வருகிறவரைச் சட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது, போகிறவரைத் துரத்தக் கூடாது, யார் மேலும் சுமை வைக்கக் கூடாது என்று பழகிப் பழகி, ஒருவரையொருவர் தொடவே பயந்துகொண்டு, தூரத்தில் நின்று பூங்கொத்து வீசிக்கொண்டிருந்தார்கள். இந்த மரியாதையிலேயே குழு மூச்சுமுட்டிச் சாகக் கிடந்தது.

“என்ன அண்ணி, என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. நீ இந்தப் போர்வையை மட்டும் பிழிஞ்சு போடு. எனக்குப் பேச வேண்டிய ஆளுங்க இருக்காங்க.”

நாத்தனார் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

முதலில் தீயணைப்பம்மா. அங்கே அப்போது காலை நேரம். பின்னால் யாரோ வண்டி கழுவுகிற சத்தம் கேட்டது. அக்கா நேராக விஷயத்துக்கு வந்தார். வழக்கமான நலம் விசாரிப்பைக்கூட விட்டுவிட்டார், அவ்வளவு படபடப்பு.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கப் போறேன். முடியலன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. புதுசா யாராவது நம்ம குரூப்ல சேர்ந்தா, முதல் கூட்டத்துக்கு முன்னாடி நீங்க அவங்களைக் கூப்பிட்டு கொஞ்ச நேரம் பேசணும். அவ்வளவுதான். ஆறு மாசத்துக்கு மட்டும்.”

தீயணைப்பம்மா வண்டி கழுவுகிறவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். பிடித்து இழுத்துவிட்டோமோ, இத்தனை நாள் பழக்கத்தைக் கெடுத்துக்கொண்டோமோ என்று அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது.

“இவ்வளவுதானா?” என்றார் தீயணைப்பம்மா.

“இவ்வளவுதான்.”

“நான் முழுசையும் தூக்கிச் சுமக்கணுமோன்னு பயந்துகிட்டே இருந்தேன். அதான் பூ அனுப்பிட்டு ஒளிஞ்சுகிட்டேன். இதை மட்டும்னா எப்பவோ செஞ்சிருப்பேனே.”

“அப்ப ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கலையே.”

அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. செல்பேசியை வைத்த கையோடு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அடுத்தவர் வாசிப்புக்காரர். பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகம் படித்துக்காட்டும் தன்னார்வலர்களைக் கவனிப்பவர். கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். அவருக்கு நாட்டமே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மாதாமாதம் திரையைத் திறந்து, ஆட்களை உள்ளே விட்டு, நேரம் முடிந்ததும் மூட முடியுமா என்று அக்கா கேட்டார். “எனக்குப் பேச்சு சரியா வராதே. தப்புத் தப்பா வரும்” என்றார் அவர், தப்புத் தப்பாகவே.

“கதவைத் திறக்கறதுக்குப் பேச்சு எதுக்குங்க?”

அந்தப் பக்கம் மெல்லச் சிரிப்புக் கேட்டது. அந்த மனிதர் சிரித்து அக்கா கேட்டது அதுதான் முதல் தடவை.

ரத்த தானக்காரர் வேறு ரகம். முகாம் முகாமாக ஓடி, ரத்தம் கொடுக்க வருகிறவர்களையும் அவர்களுக்குப் பழச்சாறு கொடுக்கிறவர்களையும் பார்த்துக்கொள்பவர். அவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் ஒலியை அணைத்துவிட்டுச் சமைக்கப் போய்விடுவார்கள். நல்ல மனுஷன், ஆனால் பேச்சுக்கு அணை கிடையாது. அவரிடம் அக்கா ஒரே ஒரு வேலைதான் கேட்டார். யாராவது தொடர்ந்து வராமல் இருந்தால் கூப்பிட்டு, ‘காணோமே, என்ன ஆச்சு’ என்று விசாரிக்க வேண்டும். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பேசறதுதான் வேலையா? அதுக்கு என்னையா கேக்கறீங்க?” என்று ஆரம்பித்து, மழை விட்டுத் துணி பாதி காயும்வரை பேசினார். இவர் ஒருமுறை விசாரித்துவிட்டால், இன்னொரு முறை விசாரிப்பதற்கு இடம் கொடுக்காமல் எல்லோரும் ஒழுங்காக வந்துவிடுவார்கள் என்று அக்காவுக்குத் தோன்றியது. காது சுட்டாலும் மனசு குளிர்ந்தது.

நாய்க் காப்பகத்து டாக்டரம்மா மட்டும், “முடியாது” என்றார். பட்டென்று. அவர் ஊரில் ஆற்று வெள்ளம். நாய்களையும் குட்டிகளையும் மேல்மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். குரைப்பில் பேச்சே கேட்கவில்லை. “இப்ப முடியாது. அடுத்த வருஷம் கேளுங்க. ஆனா கூட்டத்தை மூடிடாதீங்க, எனக்கு அது வேணும்” என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். அக்காவுக்கு வருத்தம் வரவில்லை. உண்மையில் அந்த முடியாது என்ற சொல்தான் அவருக்கு அதிகத் தைரியம் கொடுத்தது. கேட்டால் உறவு முறிந்துவிடும் என்று பயந்த பயம் அதோடு போயிற்று. முடியாதென்று வாய்விட்டுச் சொல்கிறவர் முடியும் என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

இப்படி ஒவ்வொருவராகக் கேட்டு முடிக்க அந்த வாரம் சரியாகப் போயிற்று. துறைமுகத்துக்காரரை மட்டும் அக்கா கூப்பிடவில்லை. பயம்தான். அவருடைய கூட்டத்தை அவருக்குத் தெரியாமல் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டோமே, கோபித்துக்கொண்டால் என்ன செய்வது? கடைசியாக அவரே, ‘நான் நடத்தியது போதும், உங்கள் இஷ்டம்’ என்று எழுந்து போய்விட்டால்? அவர் இல்லாமல் அந்தக் குழு எப்படி இருக்கும் என்று அக்காவால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, செல்பேசியைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்தார். கணவர் மின்விசிறியை மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, திரையில் தெரியாத மூலையில் உட்கார்ந்தார். நாத்தனார் தைக்க வேண்டிய சட்டையோடு கீழே வந்து, “நான் ஒண்ணும் பாக்க வரல, இங்க வெளிச்சம் நல்லா இருக்கு” என்றார்.

திரையைத் திறந்தவர் வாசிப்புக்காரர். ஒவ்வொரு முகமாக உள்ளே வந்தது. தீயணைப்பம்மா வந்தார். ரத்த தானக்காரர் வரும்போதே பேசிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா மடியில் ஒரு குட்டியோடு வந்தார். வெகுகாலமாகத் தலைகாட்டாதவர்கள் சிலரும் வந்து, ரத்த தானக்காரரைப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். துறைமுகத்துக்காரர் கடைசியில் வந்தார். பின்னால் ஜன்னலில் ஒரு கப்பலின் பக்கவாட்டுச் சுவர் தெரிந்தது. கையில் விடைபெறும் உரை. கண் வீங்கியிருந்தது.

“இத்தனை பேரா?” என்றார். “சரி, இது நம்ம கடைசி...”

“ஒரு நிமிஷம்” என்றார் அக்கா. “நீங்க படிக்கறதுக்கு முன்னாடி நாங்க கொஞ்சம் சொல்லணும். கோச்சுக்காதீங்க.”

ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். கதவு நான் திறக்கிறேன். புதியவர்களை நான் வரவேற்கிறேன். காணாமல் போனவர்களை நான் தேடுகிறேன். அழைப்பு நான் அனுப்புகிறேன். நேரம் நான் பார்க்கிறேன். ஆளுக்கு ஒரு சின்ன வேலை. யாரும் சுமக்க முடியாதது ஒன்றும் இல்லை. “நான் ஒண்ணும் செய்யல. அடுத்த வருஷம் செய்வேன்” என்று டாக்டரம்மாவும் தன் பங்குக்குச் சொன்னார்.

துறைமுகத்துக்காரர் கையிலிருந்த உரையைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூலையில் இருந்த கணவரும் காரணமில்லாமல் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் ஆகி வீட்டுல இருக்கா” என்றார் அவர், கடைசியில். “பகல்ல கப்பல், சாயங்காலம் ஆஸ்பத்திரின்னு அலைஞ்சேன். யார்கிட்டயும் சொல்லல. நீங்கெல்லாம் ஏற்கனவே அவ்வளவு பேரைச் சுமக்கறீங்க. உங்க மேல நானும் ஏறணுமான்னு நெனச்சேன். உங்களைத் தொந்தரவு பண்றதுக்கு, மூடிடறதே மேல்னு பட்டுச்சு.”

“இப்ப எப்படி இருக்காங்க?” என்று நாலைந்து குரல் ஒன்றாகக் கேட்டது.

“நடக்கறா. நேத்து என்னோட சண்டை போட்டா.”

“அப்ப தேறிட்டாங்க” என்றார் நாத்தனார், தான் அங்கே இல்லாத ஆள் என்பதை மறந்து. மொழி புரியாவிட்டாலும் எல்லோரும் சிரித்தார்கள்.

அக்காவுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் ஒன்று இறங்கியது. “உங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒரே வேலை. வரணும். உக்காரணும். நாங்க பேசறதைக் கேக்கணும். வேற எதையாவது தொட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்” என்றார்.

துறைமுகத்துக்காரர் சிரித்தார். கண்ணில் நீர் நிற்காமல் வழிந்தபடியே சிரித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “எல்லாருக்கும் வேலை வந்துடுச்சு. உங்களுக்கு என்ன வேலை?” என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா விழித்தார். அதை அவர் யோசிக்கவே இல்லை. மிச்சம் மீதி எது விழுந்தாலும் தானே பொறுக்கிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் வைத்திருந்தார், வழக்கம் போல.

“அவங்களுக்கு நான் ஒரு வேலை வச்சிருக்கேன்” என்றார் தீயணைப்பம்மா. “மாசத்துக்கு ஒரு தடவை நான் கூப்பிடுவேன். எடுத்துப் பேசணும். எப்படி இருக்கீங்கன்னு கேப்பேன். பதில் சொல்லணும். அதான் வேலை. இப்பவே ஆரம்பிக்கலாம். எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன்” என்றார் அக்கா.

“அது வழக்கம். இப்ப பதிலைச் சொல்லுங்க.”

அக்கா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எத்தனையோ பேரைக் கேட்ட கேள்வி. தன் பக்கம் திரும்பி வந்தால் இவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ரத்த தானக்காரர்கூடப் பேசவில்லை. திரையில் இருந்த அத்தனை முகங்களும் காத்திருந்தன. அவர்களுக்கெல்லாம் காத்திருக்கத் தெரியும். அவர்கள் தொழிலே அதுதான்.

“கால் வலிக்குது” என்றார் அக்கா. “ரொம்ப நாளா வலிக்குது.”

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. இத்தனை நேரமும் மேஜையில் ஒரு கையை ஊன்றி, குனிந்து நின்றுகொண்டே பேசியிருக்கிறார் அந்த மனுஷி. பல நாட்டுக் குரல்கள் ஒரே நேரத்தில், ஆளுக்கு ஒரு விதமாக உடைந்த மொழியில், ஒரே வார்த்தையைச் சொல்லின. அக்காவின் முழங்காலுக்குப் பின்னால் ஏதோ இடித்தது. நாத்தனார் தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து போட்டிருந்தார்.

“முதல்ல உக்காருங்க அண்ணி” என்றார். “அப்புறம் பேசலாம்.”

அக்கா உட்கார்ந்தார். பிறகு ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.